நாலு பச்சை வட்டங்கள்

வலிகாமத்தில் ஒரு சான்றுப்பிரதிப் பணிமனை உண்டு. எந்த ஊர் என்று கேட்க வேண்டாம். சொன்னால் விளக்கம் கேட்டுக் கடிதம் வரும். பிறப்பு, விவாகம், இறப்பு என்று மனிதருக்கு நடக்கிற மூன்று பெரிய காரியங்களும், அந்தப் பணிமனை கடதாசியில் அடித்து முத்திரை குத்திக் கொடுத்தால்தான் நடந்ததாகக் கணக்கு. அதுவரைக்கும் நீங்கள் பிறந்தது ஊர்க்கதைதான்.

அங்கே மூன்று கணினிகள் இருந்தன. பதிவேடுகள் ஏற்றிய பழைய கணினியில் முகாமைத்துவ உதவியாளர் சுபாஜினி பிரதி அடிப்பாள். அதில் கையெழுத்து வைக்கும் அதிகாரமும் அவளுக்கே இருந்தது. இரண்டாவது கணினி கடிதங்களுக்கு. மூன்றாவது பொறுப்பதிகாரி பிரகலாதனின் மேசையில் இருந்தது. அதில் அவர் பஞ்சாங்கமும் கிரிக்கெட்டும் பார்ப்பார். காலை எட்டு மணிக்கே விறாந்தையில் நாற்பது பேர் நிற்பார்கள். ஆகவே பிரதி அடிக்க இன்னுமொரு கணினி வேண்டுமென்று சுபாஜினி ஆறு வருடமாக எழுதிக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

ஏழாவது வருடம் கணினி வந்தது. கூடவே ஒரு சுற்றறிக்கையும் வந்தது. எல்லாப் பணிமனைகளிலும் கண்காணிப்புச் சேவையகம் ஒன்று நிறுவ வேண்டுமாம். ஒரு விண்டோஸ் கணினியில் அந்த மென்பொருளைப் போட்டுவிட்டால் போதும். மற்றக் கணினிகள் உயிரோடு இருக்கின்றனவா, அவற்றின் சுமை எவ்வளவு, சூடு ஏறுகிறதா, அச்சுப்பொறியில் மை இருக்கிறதா என்று நிமிடத்துக்கு ஒரு தடவை அது விசாரித்துக்கொண்டே இருக்கும். நலமென்றால் பச்சை வட்டம், சந்தேகமென்றால் மஞ்சள், கோளாறென்றால் சிவப்பு. புதுக் கணினியை வேறெந்த வேலைக்கும் பாவிக்கக்கூடாது என்று கடைசி வரி தடித்த எழுத்தில் இருந்தது.

"அப்ப சேர், பிரதி அடிக்க?" என்று சுபாஜினி கேட்டாள்.

"நீர் பழையதிலை அடியும். நீர் அடிக்கிறதை உது பாத்துக்கொண்டிருக்கும்," என்றார் பிரகலாதன்.

வட்டுக்கோட்டையில் ஒரு தனியார் வகுப்பில் ஆறு மாதம் கணினி படித்த குற்றத்துக்காக, நிறுவும் பொறுப்பு அவள் தலையில் விழுந்தது. இருபது நிமிட வேலை என்று அவள் நினைத்தாள். பிரகலாதன் மூன்று கிழமை எடுத்தார். அழைப்பிதழ் அடிக்க ஒரு கிழமை. அழைப்பிதழில் யார் பெயருக்கு மேலே யார் பெயர் வருவது என்று தீர்மானிக்க ஒரு கிழமை. நல்ல நேரம் பார்க்க மூன்றாவது கிழமை. சேவையகத்தின் நட்சத்திரம் எது என்று சோதிடர் கேட்டாராம். அது பணிமனைக்கு வந்திறங்கிய நாளை வைத்து, பூரட்டாதி என்று முடிவானது.

குறித்த நாளில் நிறைகுடம் வைத்தார்கள். குத்துவிளக்கு ஏற்றினார்கள். சுவரில் பெரிய தொலைக்காட்சித் திரை ஒன்று பொருத்தப்பட்டிருந்தது. பிரதம விருந்தினர் பிராந்திய ஆணையாளர் பெர்னடெட். புதுக் கணினிக்குச் சந்தனம் பூசி, குங்குமம் வைத்து, மார்பளவு செவ்வந்தி மாலை ஒன்றை அவர் தன் கையாலேயே அணிவித்தார். பத்து பதினாலுக்கு நல்ல நேரம் தொடங்கியதும் சுபாஜினி நிறுவும் பொத்தானை அழுத்தினாள். உடனே திரையில் ஒரு கேள்வி எழும்பியது. இந்தச் செயலியைக் கணினியில் மாற்றங்கள் செய்ய நிர்வாகி அனுமதிக்கிறாரா என்று அது கேட்டது. அவள் ஆம் என்பதை அழுத்தப் போனாள்.

"பொறும்," என்றார் பிரகலாதன். "ஆரைக் கேட்டு ஆம் போடுறீர்? நிர்வாகி நான்."

"இது சும்மா கேக்கிறது சேர். எல்லாருக்கும் கேக்கும்."

"எல்லாருக்கும் கேக்கட்டும். இஞ்சை எழுத்திலை வரவேணும்."

அவள் ஒரு விண்ணப்பம் எழுதினாள். பிரகலாதன் அதில் 'அனுமதிக்கப்பட்டது' என்று பச்சை மையால் எழுதி, ஒப்பமிட்டு, திகதி போட்டார். ஆறு தடவை கேள்வி வந்தது, ஆறு விண்ணப்பம். ஆறாவது முடிய நல்ல நேரத்தில் நாலு நிமிடமே மிச்சம் இருந்தது. எப்படியோ மென்பொருள் ஏறி, திரையில் நாலு வட்டங்கள் தோன்றின. மூன்று பச்சை. நாலாவது, மாலை போட்டுக்கொண்டிருந்த சேவையகத்தினுடையது, சிவப்பு.

காற்றாடித் துளைகளைச் செவ்வந்தி முழுக்க அடைத்திருந்தது. சூடு எழுபத்தெட்டுப் பாகைக்கு ஏறியிருந்தது. சுபாஜினி பிரகலாதனின் காதுக்குள் சொன்னாள்: "சேர், மாலையைக் கழட்டினால் சரி."

"ஆணையாளர் போட்ட மாலையை ஆணையாளருக்கு முன்னாலை கழட்டிறதோ? உமக்கு என்ன பிடிச்சது? எத்தினை பாகையிலை உது சிவக்கும்?"

"எழுபதிலை."

"எழுபது எண்டு ஆர் முடிவெடுத்தது?"

"அதை நாங்கள்தான் போடுறது சேர்."

"அப்ப தொண்ணூற்றைஞ்சு போடும்."

அவள் போட்டாள். வட்டம் பச்சையானது. சபை கை தட்டியது. உள்ளே கணினி வெந்துகொண்டிருந்தது.

பிறகு உரைகள். பிரகலாதன் ஒலிவாங்கியைத் தட்டிப் பார்த்துவிட்டுத் தொடங்கினார். "முன்னர் எமது கணினிகள் இயங்காவிட்டால் எமக்கு எவ்வாறு தெரியும்? பொதுமக்கள் வந்து சத்தம் போடுவார்கள். அதை வைத்தே நாம் அறிந்துகொண்டோம். எவ்வளவு பின்தங்கிய முறை என்று பாருங்கள். இன்றிலிருந்து அந்த நிலைமை இல்லை. பொதுமக்களின் தலையீடு எதுவுமின்றி எமது சேவையின் தரத்தை நாமே அறிந்துகொள்வோம்."

பெர்னடெட் அம்மையார் சுருக்கமாகப் பேசினார். "ஓர் அரச நிறுவனம் என்ன செய்கிறது என்பது முக்கியமல்ல. அது தன்னைத் தானே பார்த்துக்கொண்டிருக்கிறதா என்பதே முக்கியம்." விறாந்தையில் காலையிலிருந்து நின்ற நாற்பது பேரும் இதைக் கேட்டார்கள். அன்றைக்கு அவர்களுக்குப் பிரதி கிடைக்கவில்லை. ஆளுக்கொரு வடையும் பாலாடைக் கட்டி வைத்த பாணும் கிடைத்தன.

அடுத்த நாள் தொடங்கியது அலாரம். சுபாஜினியின் பழைய கணினி வயதான கணினி. பதிவேட்டைத் திறந்தாலே அதற்கு மூச்சு வாங்கும். சுமை தொண்ணூறு வீதத்தைத் தொடும். உடனே வட்டம் சிவக்கும், தொலைக்காட்சி கூவும், பிரகலாதனுக்கு மின்னஞ்சல் போகும். வருகிற மின்னஞ்சல் எதுவானாலும் அச்சடித்துக் கோப்பில் இட வேண்டும் என்பது பணிமனையின் பழைய வழக்கம். அச்சடித்தால் கடிதக் கணினியின் சுமை ஏறும். அதற்கொரு அலாரம் வரும். அதையும் அச்சடிக்க வேண்டும். மத்தியானத்துக்குள் இருநூற்றுப் பதினாலு பக்கம் அடித்தாகிவிட்டது. இரண்டரை மணிக்கு மை முடிந்தது. மை முடிந்தது என்று அலாரம் வந்தது. அதை அச்சடிக்க மை இல்லை. ஓர் அலாரம் கோப்பில் ஏறாமல் விடுபட்டதற்குப் பிரகலாதன் சுபாஜினியிடம் விளக்கம் கேட்டார்.

பணிமனை உதவியாளர் தம்பிஐயா, ஓய்வுபெற ஐந்து மாதம் இருந்தவர், அந்தக் கோப்புகளைச் சுமந்து அலுமாரியில் அடுக்கினார். அலுமாரி நிறைந்ததும் பிறப்புப் பதிவேடுகளை வெளியே எடுத்து விறாந்தையில் வைத்தார்.

"பிள்ளை, உந்தச் சாமானுக்கு என்ன வேலை?" என்று ஒரு நாள் கேட்டார்.

"நாங்கள் வேலை செய்யிறமோ எண்டு பாக்கிறது அண்ணை."

"அப்ப அதைப் பாக்கிறதாலைதானே நாங்கள் வேலை செய்யேல்லை?"

"ஓம் அண்ணை. ஆனா அது அதுக்குத் தெரியாது."

இதற்குள் மற்றப் பணிமனைகளும் சிவக்கும் எல்லையை ஏற்றி ஏற்றிப் பச்சை காட்டுகின்றன என்று தலைமையகத்துக்குத் தெரிந்துவிட்டது. எல்லைகளைத் தலைமையகமே நிர்ணயித்து, கடவுச்சொல் போட்டுப் பூட்டியது. கணினியின் சுமை நாற்பது வீதத்தைத் தாண்டினால் சிவப்பு. கூடவே ஒரு விருதும் அறிவிக்கப்பட்டது. முப்பது நாள் தொடர்ந்து நாலு வட்டமும் பச்சையாக இருக்கும் பணிமனைக்கு 'இடையறாச் சேவை விருது'. முப்பதாம் நாள் ஆணையாளர் நேரே வந்து திரையைப் பார்ப்பார்.

பிரகலாதன் பழைய பதிவுகளைப் புரட்டிப் பார்த்தார். அவருக்குச் சிந்திக்கத் தெரியாது என்று யாரும் சொல்ல முடியாது. பூரணை விடுமுறையன்று பணிமனை பூட்டியிருந்தது. கணினிகளை நிறுத்த மறந்து போயிருந்தார்கள். அன்றைக்கு விடியத் தொடங்கி இருட்டும்வரை நாலு வட்டமும் பச்சை. ஞாயிற்றுக்கிழமைகளிலும் அப்படியே. அவர் ஊழியர்களைக் கூப்பிட்டார்.

"நான் ஆராய்ஞ்சு பாத்தன். சிவப்பு வாறதுக்கு ரெண்டு காரணம். ஒண்டு சனம், மற்றது நாங்கள். கணினியிலை ஒரு பிழையுமில்லை. ஆகவே வாற முப்பது நாளைக்கும் கணினியை நிப்பாட்டவும் கூடாது, தொடவும் கூடாது."

"சனத்துக்கு என்ன சேர் சொல்லுறது?" என்றாள் சுபாஜினி.

"உண்மையைச் சொல்லும். கணினி நல்ல நிலைமையிலை இருக்கு எண்டு சொல்லும்."

கையால் எழுதிக் கொடுக்கலாமா என்று கேட்டாள். பதிவேடுகள் கணினியில் ஏறிய நாளிலிருந்து கையெழுத்துப் பிரதி செல்லாது என்று வேறொரு சுற்றறிக்கை இருந்தது. பிரகலாதன் அதை எடுத்துக் காட்டினார்.

முதல் கிழமை சனம் சத்தம் போட்டது. இரண்டாம் கிழமை கெஞ்சியது. மூன்றாம் கிழமை விறாந்தை வெறுமையானது. பொதுமக்களின் முறைப்பாடு பூச்சியத்துக்கு இறங்கியிருப்பதாகப் பிரகலாதன் தலைமையகத்துக்கு அறிக்கை அனுப்பினார்.

இருபத்தேழாம் நாள், செவ்வாய்க்கிழமை, சண்டிலிப்பாயிலிருந்து மகாதேவி வந்தாள். மரக்கறித் தோட்டம் செய்கிற மனுசி. மகள் நிவேதனாவைத் தாதியர் பயிற்சிக்குத் தெரிவு செய்திருந்தார்கள். வெள்ளிக்கிழமை பின்னேரம் மூன்று மணிக்குள் பிறப்புச் சான்றிதழின் பிரதியோடு போய்ப் பதிய வேண்டும்; தவறினால் காத்திருப்போர் பட்டியலில் அடுத்த பிள்ளையைக் கூப்பிடுவார்கள். வீட்டிலிருந்த சான்றிதழைக் கறையான் தின்றுவிட்டது. இவ்வளவையும் அவள் யன்னலடியில் நின்று சொன்னாள்.

"இண்டைக்கு ஏலாது அம்மா," என்றாள் சுபாஜினி.

"ஏன் பிள்ளை, மிசின் பழுதோ?"

"இல்லை, நல்லா இருக்கு."

"அப்ப அடிச்சுத் தாவன்."

"அடிச்சால் பழுது எண்டு காட்டும்."

"காட்டினால் பழுதாப் போயிடுமோ?"

"இல்லை அம்மா. ஆனா காட்டும்."

மகாதேவி சுவரிலிருந்த நாலு பச்சை வட்டங்களையும் பார்த்தாள். பிறகு சுபாஜினியைப் பார்த்தாள். இந்தப் பிள்ளைக்குச் சுகமில்லையோ என்று அவள் நினைத்தது முகத்தில் தெரிந்தது. சுபாஜினிக்கு வெட்கமாக இருந்தது. அந்த வெட்கத்தை அவள் வீட்டுக்கும் கொண்டு போனாள்.

புதன்கிழமையும் மகாதேவி வந்தாள். வியாழக்கிழமை சுபாஜினி பிரகலாதனின் மேசைக்குப் போனாள்.

"சேர், ஒரே ஒரு பிரதி. நாலு நிமிசம். அந்தப் பிள்ளையின்ரை இடம் போயிடும்."

"நீர் ஒரு பிள்ளையை யோசிக்கிறீர். நான் இந்தப் பிரதேசத்திலை இருக்கிற எல்லாருக்குமான இடையறாத சேவையை யோசிக்கிறன். இருபத்தொன்பது நாள் நாங்கள் விரதம் மாதிரிக் காத்தது. நாளைக்கு விருது கிடைக்கட்டும். திங்கட்கிழமை வந்து முதல் ஆளா அடிச்சுக்கொண்டு போகட்டும்."

"திங்கட்கிழமை அடிச்சு அந்த மனுசி என்ன செய்யிறது சேர்?"

"சட்டகம் போட்டு வைக்கட்டும்," என்றார் பிரகலாதன். பகிடியாகச் சொன்னதாக அவருக்கே தெரியவில்லை.

வெள்ளிக்கிழமை காலை பணிமனை கழுவித் துடைக்கப்பட்டது. பத்து மணிக்குப் பெர்னடெட் அம்மையார் வந்து, திரைக்கு முன்னால் போட்ட மெத்தைக் கதிரையில் இருந்தார். நிகழ்ச்சி நிரலில் 'திருப்தியடைந்த பொதுமக்களில் ஒருவரின் கருத்துரை' என்று ஓர் இடம் இருந்தது. பொதுமக்கள் வருவதை நிறுத்திவிட்டதால் பிரகலாதனுக்கு ஆள் கிடைக்கவில்லை. விறாந்தையில் மகாதேவி மட்டும் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு இருந்தாள். அவர் வெளியே போய் அவளிடம் கதைத்தார். சேவை நல்லம் என்று இரண்டு வரி சொன்னால், திங்கட்கிழமை பிரதியை வீட்டுக்கே அனுப்பிவைப்பதாகச் சொன்னார்.

மகாதேவியை முன்னால் நிறுத்தினார்கள். அவள் ஒலிவாங்கியைப் பிடிக்கவில்லை. தோட்டத்தில் கதைக்கிற குரலிலேயே கதைத்தாள்.

"நான் நாலு நாளா இஞ்சை வாறன். கதிரை நல்ல கதிரை. இருக்கலாம். ரீவியும் நல்ல ரீவி. தண்ணி கேட்டால் தம்பிஐயா அண்ணை கொண்டுவந்து தருவார். ஒருத்தரும் ஏசினதில்லை. என்ரை மகளின்ரை கடதாசி மட்டும்தான் இல்லை. பின்னேரம் மூண்டு மணிக்கு அது தேவை. வேறை ஒண்டும் சொல்லத் தெரியாது."

பெர்னடெட் அம்மையார் கை தட்டினார். கதிரை, தண்ணீர், மரியாதை என்று தன் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார். "மிகவும் திருப்தியான கருத்து," என்றார்.

சுபாஜினி எழும்பித் தன் பழைய கணினிக்கு முன்னால் போய் இருந்தாள். பதிவேட்டைத் திறந்தாள். கணினி மூச்சு வாங்கத் தொடங்கியது. சுவரில் ஒரு வட்டம் மஞ்சளானது. நிவேதனாவின் பிறந்த திகதியை அடித்தாள், வட்டம் சிவந்தது, தொலைக்காட்சி கூவியது.

"என்ன நடக்குது?" என்றார் பெர்னடெட் அம்மையார்.

பிரகலாதனின் முகம் வெளிறிவிட்டது. "மேடம், ஆரோ வேலை செய்யினம்," என்றார்.

யாரென்று கண்டுபிடிக்க அவர் திரையைத்தான் பார்த்தார்; பத்தடி தள்ளி இருந்து அடித்துக்கொண்டிருந்தவளைப் பார்க்கவில்லை. அச்சுப்பொறி இரண்டாவது வட்டத்தையும் சிவக்கவைத்தது. சுபாஜினி பிரதியை இழுத்தெடுத்து, கையெழுத்து வைத்து, முத்திரை குத்தி, முன்னால் நின்ற மகாதேவியின் கையில் கொடுத்தாள்.

"பத்தே முக்கால் பஸ்ஸைப் பிடியுங்கோ அம்மா."

மகாதேவி நன்றி சொல்ல நிற்கவில்லை. பெயரில் பிழை இருக்கிறதா என்று ஒருதரம் வாசித்துப் பார்த்துவிட்டு ஓடினாள். தம்பிஐயா படலையைத் திறந்து பிடித்தார்.

உள்ளே தொலைக்காட்சி இன்னும் கூவிக்கொண்டிருந்தது. பிரகலாதன் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தார். ஆனால் பெர்னடெட் அம்மையாரின் முகம் மலர்ந்திருந்தது.

"பிரகலாதன், நான் பதினாலு பணிமனை பாத்திட்டன். எல்லா இடமும் பச்சை. உண்மையிலை இந்தக் கண்காணிப்புத் தொகுதி வேலை செய்யுதோ எண்டு எனக்கே ஒரு சந்தேகம் இருந்தது. ஒருத்தரும் பிடிபடவேயில்லை. இண்டைக்குத்தான் முதன்முதலா ஒரு ஆள் கையும் மெய்யுமாப் பிடிபட்டிருக்கு."

விருது அந்தப் பணிமனைக்கே கிடைத்தது. இடையறாச் சேவைக்கு அல்ல; 'சேவையின் இடையூறுகளை உடனுக்குடன் கண்டறிந்தமைக்காக'. பிரகலாதன் மாலை போட்டுப் படம் எடுத்துக்கொண்டார். மூன்று மணிக்குப் பத்து நிமிடம் இருக்க மகாதேவி தொலைபேசியில் கூப்பிட்டு, பதிந்தாயிற்று என்றாள். கத்தரிக்காய் கொண்டுவந்து தருவதாகவும் சொன்னாள். சுபாஜினி மேசையில் தலையை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் அழுதாள். சந்தோசத்தில்தான் அழுதாள். பயமும் இருந்தது.

விசாரணை அடுத்த புதன்கிழமை நடந்தது. பெர்னடெட் அம்மையார் தலைமை. பிரகலாதன் சாட்சியும், விசாரணையைப் பதிந்து எழுதுபவரும். ஒரே ஆள் இரண்டாகவும் இருக்கலாமா என்று அவர் கேட்டதற்கு, சுற்றறிக்கையில் தடை இல்லை என்று பதில் வந்தது.

"வெள்ளிக்கிழமை பத்து இருபத்தேழுக்கு நீர் கணினியைப் பாவிச்சனீரோ?"

"ஓம் மேடம்."

"என்ன செய்தனீர்?"

"ஒரு பிரதி அடிச்சனான்."

"எவ்வளவு நேரம்?"

"நாலு நிமிசம்."

"செய்யக்கூடாது எண்டு தெரிஞ்சுதான் செய்தனீரோ?"

"ஓம்."

"அப்ப ஏன் செய்தனீர்?"

சுபாஜினி யோசித்தாள். மகாதேவியைப் பற்றிச் சொல்லலாம், நிவேதனாவைப் பற்றிச் சொல்லலாம், கறையானைப் பற்றியும் சொல்லலாம். எல்லாவற்றையும் ஏற்கெனவே பிரகலாதனிடம் சொல்லிப் பார்த்தாயிற்று.

"அது என்ரை வேலை மேடம்," என்றாள்.

பிரகலாதன் எழுதிக்கொண்டிருந்த பேனையை நிறுத்தினார். "மேடம், இதை எப்பிடிப் போடுறது?" என்று கேட்டார்.

பெர்னடெட் அம்மையார் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, திரும்பப் போட்டுக்கொண்டு, சொல்லச் சொல்ல எழுதும்படி கை காட்டினார்.

"குற்றத்தை ஒப்புக்கொண்டார். காரணம் வினவப்பட்டபோது, தகுந்த காரணம் எதனையும் அவர் முன்வைக்கவில்லை."